டெட் லெக்குக்குத் தமிழில் என்ன? திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது

ஹட்டனிலிருந்து, வியாழன் இரவு

எல்லாருக்கும் வணக்கம். பாடசாலை விடுதிகளின் தண்ணீர்க் குழாய்களில் லெஜியோனெல்லா என்ற, நுரையீரலைத் தாக்கும் கிருமி வளராமல் பார்த்துக்கொள்வது பற்றி எட்டுப் பக்கக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். மூலம் பிரித்தானிய வழிகாட்டலைத் தழுவியது. வாசிக்கப்போவது அதிபர் இல்லை. தவணை விடுமுறை முடிந்து விடுதியைத் திறந்து, கீசரைப் போட்டு, பைப்பைத் திறந்து பார்க்கிற சிற்றூழியர்தான்.

மூன்று சொல்லில் மாட்டிக்கொண்டேன். முதலாவது டெட் லெக். கை கழுவும் தொட்டியைக் கழற்றிவிட்டுக் குழாயின் வாயை மட்டும் அடைத்துவிட்டுப் போவார்களே, அந்த மிச்சக் குழாய். உள்ளே தண்ணீர் நிற்கும், நகராது. அடுத்தது ஃப்ளஷிங்: பாவிக்காத பைப்பை வாரத்துக்கு ஒரு முறையாவது திறந்து பழைய தண்ணீரை வெளியேற்றுவது. கடைசியில் ஏரோசோல்: தண்ணீர் சிதறும்போது காற்றில் மிதக்கும் நுண்ணிய துளிகள். மொழிபெயர்ப்பு இயந்திரத்திடம் கேட்டால் முதலாவதற்கு ‘இறந்த கால்’ என்கிறது. இதை அச்சடித்தால் எங்கள் ஊரில் வைத்தியசாலைக்குத்தான் போன் பண்ணுவார்கள்.

பதுளையிலிருந்து

தம்பி, சிரிக்காதீர்கள். இயந்திரம் தெரியாமல் உளறியதுதான், ஆனால் உளறலில் ஒரு மணி இருக்கிறது. தமிழில் கால் என்பது நடக்கிற கால் மட்டுமா? வாய்க்கால், கால்வாய் இரண்டிலும் இருப்பது எந்தக் கால்? நீர் ஓடும் வழி. தனியே ‘கால்’ என்றாலே வாய்க்காலைக் குறித்த காலம் உண்டு. இன்னும் உள்ளே போனால் காலுதல் என்றால் உமிழ்தல், வெளிவிடுதல். காற்றும் அந்தக் குடும்பம்தான். அப்படியானால் நீரைக் காலாத கால், செத்த கால். ஆங்கிலக்காரன் உடம்பிலிருந்து எடுத்த உவமை நம்மிடம் வாய்க்காலாகவே ஓடுகிறது. என் முன்மொழிவு: செத்தகால். சேர்த்தே எழுதுங்கள்.

முப்பத்தோரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் சொல்கிறேன். பிள்ளை ஒரு முறை சிரித்த சொல்லை மறக்காது.

கோவையிலிருந்து

ஐயாவின் கால் ஆராய்ச்சி அருமை. ஆனால் ‘செத்த’ என்பது கலைச்சொல்லுக்கு ஏற்ற நடை இல்லை. முட்டுச்சந்து என்கிறோமே, அது போல் முட்டுக்குழாய் எனலாம். ஃப்ளஷிங் என்பதற்கு நீரலசல்.

அதைவிட முக்கியமான ஒன்று. லெஜியோனெல்லா என்று லகரத்தில் தொடங்கி எழுதலாமா? உங்கள் நாட்டின் பெயரையே இலங்கை என்றுதானே எழுதுகிறீர்கள்? இலீசியனெல்லா என்க. அல்லது மொழிபெயர்க்கலாம். 1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், முன்னாள் படைவீரர் சங்கமான அமெரிக்கன் லீஜன் மாநாட்டுக்கு வந்தவர்களிடையே பரவியதால்தான் இந்தப் பெயர். சுமார் 200 பேர் நோயுற்றார்கள். ஆய்வாளர் ஜோசப் மெக்டேட் கிருமியைக் கண்டுபிடித்த செய்தி அடுத்த ஜனவரியில்தான் வெளியானது. ஆகவே கிருமிக்குப் படையணி நுண்ணுயிரி, நோய்க்குப் படைவீரர் காய்ச்சல்.

பண்டாரவளையிலிருந்து

அண்ணே, கோபிக்க வேண்டாம். ‘விடுதித் தண்ணீரில் படைவீரர் காய்ச்சல்’ என்று தமிழ்ப் பாடசாலைச் சுவரில் ஒட்டினால், இந்த நாட்டில் அதை யார் எப்படி வாசிப்பார்கள் என்று யோசித்தீர்களா? பிலடெல்பியா மாநாடு யாருக்கும் ஞாபகம் வராது. லெஜியோனெல்லா என்றே இருக்கட்டும். லகரம் முன்னால் வந்ததற்காக யாரும் காய்ச்சலில் படுக்கப் போவதில்லை. எங்கள் ஆட்கள் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவர்கள், லாம்பு வெளிச்சத்தில் படித்தவர்கள். இரண்டுக்கும் முன்னால் யாரும் இகரம் போட்டதில்லை.

இன்னொன்று. இங்கே நாங்கள் எழுதுவது நுண்ணங்கி. நுண்ணுயிரி உங்கள் பக்கத்துச் சொல். பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிப்பது எதுவோ அதுவே கையேட்டிலும் வரட்டும்.

நுவரெலியாவிலிருந்து

சொல்லைப் பிறகு பார்க்கலாம், முதலில் பொருள். நான் கட்டடங்களுக்குத் தண்ணீர் வேலை பார்க்கிறவன். இந்தக் கிருமி 20 பாகை செல்சியஸுக்கும் 45 பாகைக்கும் இடையில் நன்றாகப் பெருகும். அதனால்தான் பிரித்தானியாவில் குளிர்நீர் 20க்குக் கீழே இருக்கட்டும், சுடுநீரை 60இல் சேமியுங்கள், திறந்து ஒரு நிமிடத்துக்குள் பைப்பில் 50 வரட்டும் என்கிறார்கள். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, வருடச் சராசரியே 16 பாகை அளவுதான். குளிர்நீர்க் குழாயைப் பற்றி இங்கே பெரிதாகப் பயப்படத் தேவையில்லை. பதுளை ஐயா இருக்கிற தாழ்வான இடத்தில், வெயிலில் காயும் கறுப்புத் தாங்கியில் அந்தக் கணக்கு செல்லாது.

எங்கள் பிரச்சினை கீசர். மின்சார பில்லுக்குப் பயந்து 40இல் திருகி வைப்பார்கள். கிருமிக்கு அதுதான் மெத்தை. சரி, 60க்கு ஏற்று என்றால் பிள்ளைகளுக்குக் கை வெந்துவிடும். அதனால் பைப்புக்குப் பக்கத்தில் சுடுநீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு போட வேண்டும். அதற்கும் ஒரு பெயர் வேண்டும், நீங்கள் யாரும் கேட்கவே இல்லை. நான் ‘கலவை வால்வு’ என்கிறேன், குழாய் வேலை செய்கிற பாஸ்மாருக்குப் புரிகிறது. வால்வுக்குத் தமிழ் தேடிக் கிளம்பிவிடாதீர்கள், தயவுசெய்து.

தோட்டத்தில் தண்ணீர்க் குழாயைப் பீலி என்போம், பீலிக்கரை என்போம். பீலி ஓடிக்கொண்டே இருக்கும், அதை யாரும் மூடுவதில்லை. அதில் இந்தக் கிருமிக்கு வேலையில்லை. மூடித் திறக்கிற பைப் வந்த பிறகுதான் தண்ணீர் தேங்குகிறது. ஆகவே ஓடுவது பீலி, தேங்குவது வேறு என்று பிரித்துச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு உடனே பிடிபடும்.

கோவையிலிருந்து

பீலியா? வள்ளுவர் வண்டியில் ஏற்றிய பீலி மயிற்பீலி ஆயிற்றே! இறகின் உட்குழலிலிருந்து நீர்க்குழலுக்குப் பொருள் தாவியிருக்குமோ? மூங்கிலைப் பிளந்து நீர் விடும் வழக்கம்…

(இதன் பிறகு வந்த இரண்டு பக்கத்தை யாரும் முழுதாக வாசித்ததாகத் தெரியவில்லை. தாங்கி தமிழா, போர்த்துக்கேயரின் டாங்க்கேயா என்ற கிளைச் சண்டையும் அதற்குள்தான் நடந்தது.)

கண்டியிலிருந்து

நான் வைத்தியர். ஏரோசோலைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? அதுதான் இதில் முக்கியம். இந்தத் தண்ணீரைக் குடிப்பதால் பொதுவாக நோய் வருவதில்லை. ஷவரிலிருந்து சிதறும் நுண்ணிய துளியை மூச்சோடு இழுக்கும்போதுதான் நுரையீரலுக்குப் போகிறது. சாதாரணமாக ஆளிடமிருந்து ஆளுக்கும் தொற்றாது. பிள்ளைகளைவிட வயதானவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் ஆபத்து கூட. அதாவது விடுமுறைக்குப் பிறகு முதல் ஷவரைத் திறக்கிற அந்தச் சிற்றூழியருக்குத்தான்.

மழை விட்டும் தூவானம் விடவில்லை என்கிறோமே, பைப்பை மூடிய பிறகும் காற்றில் நிற்பது தூவானம்தான். நான் ‘தூவானத் துளி’ என்று போடுவேன்.

பதுளையிலிருந்து

தூவானம் அழகு, டீச்சர். மன்னிக்க, டொக்டர். வான் என்றாலே மழை. ஆனால் தூவானம் விழும், ஏரோசோல் மிதக்கும். இருந்தாலும் ஒத்துக்கொள்கிறேன். கால் விஷயத்தில் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒன்று சொல்லட்டும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை வைத்தியத்தைத் தமிழில் படிப்பித்தார். அமெரிக்கர். அவர் தமிழுக்குக் கூச்சப்படவில்லை, நாம் ‘செத்த’ என்று எழுதக் கூசுகிறோம்.

ஹட்டனிலிருந்து, சனி

இன்றைக்குக் கையேட்டின் படங்களை எடுத்துக்கொண்டு ஒரு பைப் பாஸிடம் போனேன். ‘முட்டுக்குழாய்’ என்றேன், எதிலே முட்டும் என்றார். ‘செத்த லைன்’ என்று பார்த்தேன். லைன் என்றதும் அவர் மனதில் வந்தது ஆள் இல்லாத லயம். படத்தைக் காட்டினேன். “ஓ, ஊமைப் பைப்பா?” என்றார். ஊமைக்காயம் மாதிரி, வெளியே தெரியாது, உள்ளே இருக்கும். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஃப்ளஷிங் என்பதற்கு அவர் சொன்னது ‘ஓட விடுறது’. நீரலசல் என்றதும் துணி துவைக்கவா என்று கேட்டார்.

கண்டியிலிருந்து

நல்ல சொல்தான், ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. பேச முடியாத பிள்ளைகளும் நம் பாடசாலைகளில் படிக்கிறார்கள். ‘ஊமையை வெட்டி அகற்றவும்’ என்ற வரியை அந்தப் பிள்ளை சுவரில் வாசிக்கட்டுமா?

நுவரெலியாவிலிருந்து

அதுவும் சரிதான். ‘தேங்குகுழாய்’ என்று போட்டுவிடுங்கள். யாருக்கும் சந்தோஷமில்லை, யாருக்கும் புரியாமலும் இல்லை. அப்புறம், ஷவரை ஓட விடும்போது ஷவரின் தலையில் பொலித்தீன் பையைக் கட்டி, மூலையில் சின்ன ஓட்டை போடச் சொல்லுங்கள். தண்ணீர் சிதறாமல் இறங்கும். மெதுவாகத் திறந்துவிட்டு அறையை விட்டு வெளியே வரச் சொல்லுங்கள். சொல் எதுவானாலும் இந்த வரியை விட்டுவிடாதீர்கள்.

பண்டாரவளையிலிருந்து

தேங்குகுழாய்க்கு என் கையும். களைத்துவிட்டேன்.

கோவையிலிருந்து

சம்மதம். ‘இலீசியனெல்லா’வை அடிக்குறிப்பிலாவது…

ஹட்டனிலிருந்து, ஞாயிறு இரவு

தேங்குகுழாய், ஓடவிடல், தூவானத் துளி, கலவை வால்வு. நாளைக் காலை கொடுக்கிறேன். பையில் ஓட்டை போடுவது படத்தோடு மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அடிக்குறிப்புக்கு இடமில்லை. பாஸ் மட்டும் ஊமைப் பைப் என்றுதான் சொல்வார், அவரை யாரும் திருத்தப் போவதில்லை.

பதுளையிலிருந்து

ஊமை வேண்டாமென்றால் வேண்டாம். ஆனால் தேங்குகுழாய் என்பது தாங்கிக்கும் பொருந்துமே, தம்பி, அங்கேயும் தண்ணீர் தேங்கத்தானே செய்கிறது? இரண்டாம் பதிப்பு வந்தால் ‘தேங்குகால்’ என்று போடுங்கள். கால் என்றால் நீர் வழி. போன கடிதத்தில் இடம் போதாமல் விட்ட சில சான்றுகளை நாளை அனுப்புகிறேன்.