சோளத்தட்டு டிராக்டரைச் செடி என்கிறது எங்கள் சிஸ்டம், யாராவது வழி சொல்லுங்க

இட்டேரிக்காரன் கேட்டது:

வணக்கங்க. காங்கயம் பக்கம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து தானியங்கி காருக்கான சென்சார்களைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம். பழைய கார் ஒன்றின் கூரையில் 16 வரி லைடார் (சுற்றிச் சுற்றி லேசரை 16 வரியாக வீசித் தூரம் அளக்கும் கருவி), கண்ணாடிக்குப் பின்னால் கேமரா, முன் பம்பரில் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார். வண்டியை நான்தான் ஓட்டுகிறேன், சிஸ்டம் என்ன பார்க்கிறது, எப்போது பிரேக் பிடித்திருக்கும் என்பதைப் பதிவு மட்டும் செய்கிறோம்.

பஸ், பைக், மாடு எல்லாம் பரவாயில்லை. போன வாரம் பொழுது சாய்கிற நேரத்தில் தாராபுரம் ரோட்டில் முன்னால் ஒரு டிராக்டர், டிரெய்லரே தெரியாத அளவுக்குச் சோளத்தட்டு பாரம், பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லை. பதிவைப் போட்டுப் பார்த்தால் 60 மீட்டரில் செடி என்கிறது, கொஞ்சம் கிட்டப் போனதும் லாரி, மறுபடியும் செடி, அப்புறம் என்னவென்று தெரியவில்லை. பிரேக் பிடிக்கலாம் என்று சிஸ்டம் முடிவு செய்தது 20 மீட்டரில், அதற்கு வெகு முன்பே நான் பிரேக்கில் கால் வைத்துவிட்டேன். எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. பெரிய லைடார் வாங்கினால் தீருமா? கையில் அவ்வளவு காசு இல்லை.

கோவை வடவள்ளி எழுதியது:

லைடாரை விடுங்க தம்பி, முதலில் டிராக்கிங்கை, அதாவது ஒரு பொருள் நகரும் தடத்தை சிஸ்டம் எப்படித் தொடர்கிறது என்பதைப் பாருங்க. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரில் ராத்திரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த ஒரு பெண்மீது ஊபரின் சோதனைக் கார் மோதி அவர் இறந்துபோனார். மோதுவதற்கு 5.6 விநாடிக்கு முன்பே சென்சார்கள் அவரைப் பார்த்துவிட்டன என்று அங்கே விசாரித்த அமைப்பு எழுதியிருக்கிறது. வண்டி, வேறு ஏதோ, சைக்கிள் என்று பேர் மாறிக்கொண்டே இருந்தது, பேர் மாறும் ஒவ்வொரு முறையும் அதுவரை அவர் நகர்ந்து வந்த தடத்தையே சிஸ்டம் தூக்கிப் போட்டுவிட்டது. அதனால் அவர் ரோட்டைக் கடக்கிறார் என்பதே அதற்குப் புரியவில்லை. உங்கள் டிராக்டரிலும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். பேர் எதுவாகவும் இருக்கட்டும், அந்த இடத்தில் ஒரு பொருள் இருக்கிறது, இந்த வேகத்தில் போகிறது, இந்த இரண்டையும் பேரோடு கட்டாமல் தனியாக வைத்துக்கொள்ளுங்க. நடுரோட்டில் செடி நகராதில்லையா! ரேடார் பதிவையும் எடுத்துப் பாருங்க, தட்டு சரியாக எதிரொலிக்காது, ஆனால் அடியில் இருக்கும் இரும்பு எதிரொலிக்கும், வேகமும் நேரடியாகக் கிடைத்துவிடும்.

படத்தைப் பார்த்து எது என்ன என்று சொல்லும் மாடலுக்குப் பழக டேட்டாவும் வேண்டும். ஹைதராபாத் ஐஐஐடி வெளியிட்ட ஐடிடி என்ற இந்திய ரோட்டுப் படத் தொகுப்பில் 10,000 படங்களுக்கு மேல் உண்டு, ஆட்டோ ரிக்‌ஷாவுக்குத் தனி வகையே வைத்திருக்கிறார்கள், நல்ல வேலை. ஆனால் அது முக்கியமாக ஹைதராபாத், பெங்களூர் ரோடுகள். நம்மூர்த் தட்டு பாரத்தை நாம்தான் படம் எடுக்க வேண்டும்.

அளவுகோல் எழுதியது:

மேலே சொன்னது சரி. அதோடு ஒரு கணக்கு. உங்கள் 16 வரி லைடாரில் வரிக்கு வரி 2 டிகிரி இடைவெளி என்றால் 50 மீட்டரில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே 1.75 மீட்டர் வெற்றிடம். பாரத்தின்மேல் ஒன்றோ இரண்டோ வரிதான் விழும். நாலைந்து சுற்றுகளை ஒன்றாகச் சேர்த்துப் பாருங்க, ஆனால் விநாடிக்கு 10 சுற்று சுற்றும்போது 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு சுற்றுக்குள் 1.4 மீட்டர் நகர்ந்துவிடும், டிராக்டரும் தன் பங்குக்கு நகரும், இரண்டையும் கழிக்காமல் சேர்த்தால் குழப்பம்தான். அப்புறம் கேமரா, லைடார் காலிபரேஷன், அதாவது இரண்டும் ஒரே பொருளை ஒரே இடத்தில் காட்டுகிறதா என்பதை எப்போது பார்த்தீர்கள்? ஒரு டிகிரி பிசகினாலே 50 மீட்டரில் 87 சென்டிமீட்டர் தள்ளிப் போகும், தட்டின் ஓரத்தில் விழ வேண்டிய புள்ளி வேலியில் விழும். நம் ரோட்டுக் குலுங்கலுக்குப் பிராக்கெட் போல்ட் லூசாகும். நான் வாரம் ஒருமுறை செஸ் போர்டு அட்டையை வைத்துச் சரிபார்க்கிறேன்.

தோட்டத்துக்காரர் எழுதியது:

தம்பி, எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுங்க, டிராக்டர் வைத்திருக்கிறேன். தட்டு பாரம் டிரெய்லர் அகலத்தோடு நிற்காது, இரண்டு பக்கமும் ஒரு முழத்துக்கு மேல் வெளியே நீட்டும், போகப் போக ஒரு பக்கம் சாயும். பின் லைட்டைத் தட்டே மூடிவிடும். என் மச்சான் இப்படி ஒரு பாரத்துக்குப் பின்னால் பைக்கில் போய் மோதிக் காலில் பிளேட் வைத்திருக்கிறார். அன்றிலிருந்து நான் ஒரு பலகையில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டிப் பாரத்துக்குப் பின்னால் தொங்கவிடுகிறேன். தை, மாசியில் வாங்க, பாரம் ஏற்றிக் களத்தில் நிறுத்திவைக்கிறேன், வேண்டிய மட்டும் சோதித்துக்கொள்ளுங்க.

இட்டேரிக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க. பேர் மாறினாலும் தடத்தை விடாதபடி மாற்றி, அதே பதிவை மறுபடி ஓட்டினோம், பிரேக் முடிவு 48 மீட்டரிலேயே வந்தது. காலிபரேஷனும் பார்த்தோம், லைடார் பிராக்கெட்டில் ஒரு போல்ட் நிஜமாகவே லூசு. ஆனால் டிராக்டர் கிளுவை வேலியை ஒட்டி நின்றிருந்தால் இன்னும் ஆகவில்லை, தட்டும் வேலியும் ஒரே கட்டியாகச் சேர்ந்துவிடுகிறது, நிற்பதால் ரேடாரும் கண்டுகொள்வதில்லை. தோட்டத்துக்கார அண்ணா, உங்கள் பலகையைப் படித்ததும் நாங்களும் ஒன்று செய்து தட்டுக் கட்டில் தொங்கவிட்டுப் பார்த்தோம், ஸ்டிக்கர் இருக்கும் இடம் மட்டும் லைடாரில் பளிச்சென்று தனியாகத் தெரிகிறது. மாசி முதல் வாரம் களத்துக்கு வருகிறோம். பலகையோடு ஒரு பாரம், பலகை இல்லாமல் ஒரு பாரம், இரண்டும் வேலி ஓரமாக நிறுத்த முடியுங்களா?