சிஎஸ்வி கோப்பில் கோட்ஸும் காலி ஃபீல்டும்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

கமாக்காரன்:
எங்கள் டீமுக்கு வந்து சேர்ந்த பழைய ஸ்கிரிப்ட் ஒன்று, சிஎஸ்வி (மதிப்புகளைக் கமாவால் பிரித்து எழுதும் உரைக் கோப்பு) வரியைக் கமா வரும் இடமெல்லாம் வெட்டித்தான் ஃபீல்டு பிரித்துக்கொண்டிருந்தது. வெகுநாள் ஒரு தொல்லையும் இல்லை. அப்புறம் பொருள் பட்டியலில் இந்த வரி வந்தது (எண், பெயர், குறிப்பு, நிறம்):

2207,"மானிட்டர், 24"" திரை",,கருப்பு

கோட்ஸுக்குள் (இரட்டை மேற்கோள் குறி) இருக்கும் கமா பிரிப்பதற்கல்ல, அங்கேயும் வெட்டியதால் நாலு ஃபீல்டு ஐந்தாகிவிட்டது. திரை அளவு குறிப்புக்குள் போனது, நிறத்தில் காலி வந்து உட்கார்ந்தது, 'கருப்பு' ஆளில்லாமல் உதிர்ந்தது. நிறம் காலியாக இருக்கலாம் என்று டேபிளில் அனுமதி இருந்ததால் ஒரு பிழைச் செய்தி கூட இல்லை. கோட்ஸுக்குள் இருக்கும் கமாவை விட்டுவிடு என்று ரெகெக்ஸ் (எழுத்து வடிவத்தைத் தேடும் சூத்திரம்) போட்டுப் பார்த்தார்கள், அங்குலக் குறிக்காக இரட்டிப்பாக வந்த அந்த கோட்ஸில் அதுவும் தடுக்கி விழுந்தது. சிஎஸ்வி வடிவத்தை விவரிக்க 2005இல் வந்த ஆர்எஃப்சி 4180 ஆவணம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: கோட்ஸுக்குள் கோட் வந்தால் இரண்டாக எழுது. ஆனால் முன்னால் பின்சாய்கோடு போட்டு அனுப்பும் மென்பொருள்களும் இருக்கின்றன, அது யார் தலைவலி என்பது யார் கோப்பு அனுப்புகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

லாக்_பார்ப்பவர்:
கமாவாவது பரவாயில்லை. கருத்து எழுதும் ஃபீல்டில் யாரோ என்டர் தட்டியிருப்பார்கள், கோட்ஸுக்குள் இருப்பதால் அது செல்லுபடியாகும் கோப்புதான். ஆனால் வரிகளை எண்ணிப் பதிவுகளைச் சரிபார்க்கும் எந்த ஸ்கிரிப்டும் அங்கே கணக்குத் தப்பும். பெரிய கோப்பை வரி எண்ணிக்கை பார்த்துத் துண்டு போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

வெற்றிடம்:
காலி ஃபீல்டு கதை என்னுடையது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் சிஎஸ்வியாக ஏற்றும்போது, இரண்டு கமாவுக்கு நடுவே ஒன்றுமே இல்லையென்றால் அது நல் (மதிப்பே இல்லை), வெறும் "" என்று இருந்தால் அது காலி எழுத்துச்சரம். நடுப்பெயர் 'தெரியாது' என்பதும் 'கிடையாது' என்பதும் எங்களுக்கு வேறு வேறு, அதனால் இந்த வித்தியாசத்தை நம்பித்தான் கோப்பு தயாராகிக்கொண்டிருந்தது. நடுவில் ஒருவர் தேதி வடிவத்தை மாற்ற ஒரு சின்ன பைத்தான் நிரலை நுழைத்தார். பைத்தானின் சிஎஸ்வி ரீடர் வழக்கமான அமைப்பில் இரண்டையும் ஒரே காலிச் சரமாகத்தான் தரும், திரும்ப எழுதும்போது கோட்ஸ் தேவையில்லை என்று கழற்றிவிடும். மறுமுனையில் எல்லாம் நல்! நல் கூடாது என்று கட்டுப்பாடு போட்ட இன்னொரு நெடுவரிசையும் அதே கோப்பில் இருந்ததால் ஏற்றம் அங்கேயே நின்றது, இல்லாவிட்டால் யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள். பைத்தான் 3.12இல் நன் (None, பைத்தானில் 'மதிப்பு இல்லை') தவிர மற்ற எல்லாவற்றையும் கோட்ஸோடு எழுதும் வசதி வந்தது, ஆனால் எது நன், எது காலி என்று படிக்கும்போதே பிரித்து வைத்திருந்தால்தான் அதனால் பயன். ஆரக்கிள் தரவுத்தளக்காரர்களுக்கு இந்தச் சண்டையே இல்லை, அங்கே காலிச் சரமே நல்தான்.

கமாக்காரன்:
@வெற்றிடம் அப்படியென்றால் நடுவில் கை வைக்கும் ஒவ்வொரு கருவியும் சந்தேகத்துக்குரியதுதான்.

தரவுத்_துடைப்பம்:
பாண்டாஸையும் (பைத்தானின் தரவு நூலகம்) சேர்த்துக்கொள்ளுங்கள். நாட்டுக் குறியீடு உள்ள கோப்பில் நமீபியா மட்டும் மாயமாகிவிடும், ஏனென்றால் அதன் இரண்டெழுத்துக் குறியீடு என்ஏ, பாண்டாஸ் அதை 'மதிப்பு இல்லை' என்று எடுத்துக்கொள்கிறது. கோட்ஸ் போட்டு அனுப்பினால் தப்பிக்கலாம் என்று நினைத்தோம், அதுவும் பலிக்கவில்லை, கோட்ஸ் இருந்ததா என்பதையே அது பொருட்படுத்துவதில்லை. கடைசியில் எதையெல்லாம் 'மதிப்பு இல்லை' என்று எடுப்பது என்ற அதன் இயல்புப் பட்டியலை அணைத்துவிட்டு, எது காலி என்பதை நாங்களே எழுதிக் கொடுத்தோம்.

லாக்_பார்ப்பவர்:
கமாவுக்குப் பிறகு ஒரு இடைவெளி விட்டுக் கோட் திறக்கும் கோப்புகளை யாரும் பார்க்கவில்லையா? ஆர்எஃப்சி கணக்குப்படி இடைவெளியும் ஃபீல்டின் பகுதிதான், அதனால் பல கருவிகளில் அந்தக் கோட் வெறும் எழுத்தாகிவிடும், உள்ளே இருக்கும் கமா மறுபடி வெட்டும். கோப்பின் தலையில் பாம் குறி (யூனிகோட் கோப்பு என்று காட்டத் தொடக்கத்தில் வைப்பது) ஒட்டியிருந்தால் முதல் தலைப்புக்கும் இதே கதி. கண்ணுக்குத் தெரியாத குறி என்பதால் எடிட்டரில் எல்லாம் சரியாகவே தெரியும்.

வெற்றிடம்:
பாமுக்கு, கோப்பைத் திறக்கும்போதே பாம் உள்ள யூடிஎஃப்-8 என்று சொல்லிவிட்டால் போதும். இடைவெளிக்கு, அனுப்புகிறவரிடமே கேட்டு நிறுத்தச் சொன்னேன், நிறுத்திவிட்டார்.