அரபாஹோ இலக்கணத்துக்கு: மையப் படர்க்கை, புறப் படர்க்கை

வணக்கம்.

அரபாஹோ மொழியைத் தமிழில் விளக்கப் புகுந்தால் முதலில் இடறும் இடம் படர்க்கை. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், விண்ட் ரிவர் பகுதியில் வாழும் அரபாஹோ மக்களின் மொழி இது. வட அமெரிக்கப் பழங்குடி மொழிகளின் அல்காங்கியக் குடும்பத்தைச் சேர்ந்தது. பேச்சில் படர்க்கையாளர் இருவர் வந்துவிட்டால், யாரைச் சுற்றிப் பேச்சு நடக்கிறதோ அவருக்கு ஒரு வடிவம், மற்றவருக்கு வேறு வடிவம். ஆங்கிலத்தில் முதலாமவரை ‘ப்ராக்ஸிமேட்’ என்றும் மற்றவரை ‘ஆப்வியேட்டிவ்’ என்றும் சொல்கிறார்கள். இலக்கண விளக்கக் குறியீட்டில் முதலாமவர் 3, மற்றவர் 4.

இவற்றை ‘அண்மைப் படர்க்கை’, ‘சேய்மைப் படர்க்கை’ என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. அண்மை, சேய்மை என்றதும் தமிழ் படித்தவருக்கு இவன், அவன் என்ற சுட்டுதான் நினைவுக்கு வரும். இங்கே தூரத்துக்கு வேலையே இல்லை. அருகில் உட்கார்ந்திருப்பவர் 4 ஆகலாம், மலைக்கு அப்பால் இருப்பவர் 3 ஆகலாம். கதை திரும்பினால் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். ‘நான்காம் இடம்’ என்பதும் சரிவராது. அவரும் படர்க்கைக்குள் இருப்பவர்தானே.

ஆகவே ‘மையப் படர்க்கை’, ‘புறப் படர்க்கை’ என்று வைத்துக்கொள்வோம். ‘அவருடைய மகன்’ என்பதை வைத்துச் சோதித்துப் பாருங்கள். உடையவர் படர்க்கை என்றால் மகன் புறப் படர்க்கைதான். இந்த உறவை ‘சேய்மை’ என்ற சொல் காட்டாது, ‘புறம்’ காட்டும்.

வினையிலும் இதே பெயர்கள் கைகொடுக்கும். வினை ‘-ஓட்’ என்று முடிந்தால் மையத்தவர் செய்கிறார், புறத்தவர் செயப்படுபொருள்: 3/4. ‘-எய்ட்’ என்று முடிந்தால் அது தலைகீழ்: 4/3. இதைச் செயப்பாட்டுவினை என்று எழுதிவிடாதீர்கள். இரண்டும் செய்வினையே, திசைதான் வேறு. ‘நேர்த்திசை’, ‘எதிர்த்திசை’ போதும்.

திணைப் பெயரிலும் கவனம் வேண்டும். நாயும் குதிரையும் நமக்கு அஃறிணை. அங்கே அவை மனிதரோடு ஒரே பிரிவில் நிற்கின்றன, நட்சத்திரமும் கூடவே. உயர்திணை என்ற பழகிய சொல்லை அங்கே ஒட்டினால் வாசகர் தவறாகவே புரிந்துகொள்வார். ‘உயிர்த்திணை’, ‘உயிரில்திணை’ என்பது என் தேர்வு. நட்சத்திரத்துக்கு உயிர் உண்டா என்று கேட்பார்கள். இது இலக்கணப் பாகுபாடு என்று ஒரு வரி எழுதிவிடலாம். நாம், நாங்கள் என்ற வேறுபாடு அங்கும் உண்டு. அதற்குப் புதுச்சொல் எதற்கு? கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் ‘நாம்’ என்பதற்கு உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்ற பெயர் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

கடைசியாகக் குறியீடு. அரபாஹோ எழுத்துமுறையில் 3 ஓர் எழுத்து! ஆங்கிலத்தில் மூன்றைக் குறிக்கும் ‘த்ரீ’யின் முதல் ஒலிக்காக அந்த எண்ணையே எடுத்துக்கொண்டார்கள். நட்சத்திரத்துக்கான சொல்லின் நடுவிலேயே அது நிற்கிறது. எடுத்துக்காட்டு தரும்போது மேல்வரியில் அரபாஹோ சொல்லையும் கீழ்வரியில் அதன் இலக்கண விளக்கத்தையும் எழுதுவோம்; மேல்வரியில் 3 எழுத்தாகவும், கீழ்வரியில் 3 படர்க்கையாகவும் வந்தால் புதிதாகப் படிப்பவர் திணறிப்போவார். தமிழ் விளக்க வரியில் எண்ணை விட்டுவிட்டு ‘மை’, ‘பு’ என்று எழுதலாம்: 3/4 என்பது மை/பு, 4/3 என்பது பு/மை. பன்மைக்கு ‘மைப’, ‘புப’ என்று நீட்டினால் கண்ணுக்குக் குழப்பமாக இருக்கிறது. அதற்கு வேறு வழி தோன்றினால் சொல்லுங்கள்.