பி.எட். படிக்கிறேன்: ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தாள் 1, தாள் 2 இரண்டும் எழுதலாமா? பாஸ் செய்தால் அரசுப் பள்ளியில் வேலை உறுதியா?

வைகைக்கரை:
வணக்கம். பி.எஸ்சி. கணிதம் முடித்து, இப்போது பி.எட். இரண்டாம் ஆண்டு. பி.எட். இருந்தால் தாள் 1-ம் எழுதலாம் என்று ஒரு பழைய வீடியோவில் பார்த்தேன். வீட்டில் இரண்டுக்கும் பணம் கட்டச் சொல்கிறார்கள். டெட் பாஸ் ஆனால் போஸ்டிங் வந்துவிடும் என்றும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்பா இல்லாத வீடு, தவறான வழியில் ஒரு வருடம் போனால் தாங்காது.

சாக்பீஸ்:
தாள் 1 வேண்டாம்மா, அது ஒன்று முதல் ஐந்து வகுப்பு ஆசிரியர்களுக்கானது. 2018-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் (என்சிடிஇ) பி.எட். காரர்களை ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கும் அனுமதித்தது உண்மை. அந்த அறிவிப்பு செல்லாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்புதான் தகுதி. நீங்கள் பார்த்த வீடியோ அதற்கு முந்தையதாக இருக்கும். உங்களுக்கு ஆறு முதல் எட்டு வகுப்புக்கான தாள் 2, அதில் கணிதம்-அறிவியல் பிரிவு. பி.எட். படித்துக்கொண்டிருக்கும்போதே டெட் எழுத விதி இடம் தருகிறது.

பட்டதாரி ஆசிரியர், திருச்சி:
மேலே சொன்னது சரி. வேலை பற்றிய கேள்விக்கு வருகிறேன், பலர் ஏமாறுவது இங்கேதான்.

டெட் என்பது தகுதித் தேர்வு மட்டுமே. 2018-இல் வந்த அரசாணை 149-க்குப் பிறகு, டெட் தேர்ச்சி பெற்றவர்கள் ஆசிரியர் தேர்வு வாரியம் (டிஆர்பி) நடத்தும் நியமனத் தேர்வையும் எழுதியாக வேண்டும். பட்டதாரி ஆசிரியர்களுக்கான அந்தத் தேர்வு 2024 பிப்ரவரி 4 அன்று நடந்தது. அதனால் டெட் முடிந்ததும் புத்தகத்தை மூட்டை கட்டாதீர்கள். நியமனத் தேர்வில் உங்கள் பாடமான கணக்கை ஆழமாகக் கேட்பார்கள். கூடவே கட்டாயத் தமிழ்த் தகுதித் தாளும் உண்டு. அதில் தேறாவிட்டால் பாடத் தாளைத் திருத்தவே மாட்டார்கள்.

டெட் தாள் 2-இல் 150 கேள்வி. குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணிதம்-அறிவியல் 60. பொதுப் பிரிவுக்கு 90 எடுத்தால் தேர்ச்சி. மற்ற பிரிவுகளுக்குச் சலுகை உண்டு. எவ்வளவு என்பதை அந்தந்த அறிவிக்கையில் பாருங்கள். கணக்குக்காரர்களுக்கு அடி விழுவது உயிரியலிலும் உளவியலிலும்தான். ஆறு முதல் பத்து வரையிலான அறிவியல் புத்தகங்களை வரிவரியாகப் படியுங்கள். சான்றிதழுக்கு முன்பு ஏழு ஆண்டு காலக்கெடு இருந்தது, 2021 முதல் ஆயுள் முழுக்கச் செல்லும். ஒருமுறை உழைத்தால் போதும்.

வைகைக்கரை:
மிக்க நன்றி சார். வீட்டில் இதையே படித்துக் காட்டினேன். இன்னொன்று: டெட் வராவிட்டால் தனியார் பள்ளிக்குப் போகலாமா? அங்கே பி.எட். மட்டும் போதும் என்கிறார்களே?

பட்டதாரி ஆசிரியர், திருச்சி:
பல பள்ளிகள் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை அவர்களுக்கும் தகுதி விதி ஒன்றுதான். 2025 செப்டம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, பல வருடம் பாடம் நடத்தியவர்களே டெட் எழுதவேண்டிய நிலை. அந்த வயதில் குடும்பப் பாரத்தோடு படிக்கும் என் சகாக்களைப் பார்க்க மனது வலிக்கிறது. நீங்கள் இப்போதே முடித்துவிடுங்கள் அம்மா.

மலர்விழி_எம்எஸ்சி:
எம்.எஸ்சி. கணிதமும் சேர்த்து முடித்தால் பதினொன்று, பன்னிரண்டுக்கான முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம் தங்கச்சி, அதற்கு டெட் தேவையில்லை. யோசித்துப் பாருங்கள்.

சாக்பீஸ்:
தமிழ்வழியில் படித்தீர்களா? தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் உள்ள 20 சதவீத இடஒதுக்கீட்டுக்கு இப்போது ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழிச் சான்று கேட்கிறார்கள். படித்த ஒவ்வொரு பள்ளியிலும், கல்லூரியிலும் தனித்தனியாக வாங்க வேண்டும். அறிவிக்கை வந்தபின் அலைந்தால் கடைசித் தேதி போய்விடும்.

வைகைக்கரை:
ஆமாம் அண்ணா, எல்லாமே தமிழ்வழிதான். நான் படித்த தொடக்கப்பள்ளியை மூடிவிட்டார்கள், என்ன செய்ய?

சாக்பீஸ்:
கல்வி அலுவலரிடம் எழுத்தில் விண்ணப்பியுங்கள், மூடிய பள்ளியின் பதிவேடு எங்கே இருக்கிறது என்பதை அங்கே சொல்வார்கள். மாற்றுச் சான்றிதழ் நகலை மறக்காமல் கொண்டுபோங்கள்.