வடக்குப் பக்க நிழலுக்கு, ஒரு தடவை வச்சா நிலைச்சு நிக்கிற செடி எது?

சந்துத்தோட்டம் (ஸ்ரீரங்கம்):

எல்லாருக்கும் வணக்கம். பொங்கலுக்கு முன்னாடிதான் இந்த வீட்டுக்குக் குடி வந்தோம். வடக்குப் பக்கம் வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவுல 6 அடி அகலத்துக்கு நீளமா ஒரு சந்து இருக்கு. மேற்குக் கோடியில பெரிய மாமரம், கிழக்குக் கோடியில கேட். நடுவுல பாத்திரம் கழுவுற குழாய், அந்த இடம் மட்டும் எப்பவும் ஈரம். சந்து முழுக்க நாள் பூரா நிழல்தான்.

நான் வேலைக்குப் போறவ. சீசனுக்கு சீசன் விதை போட்டுப் பிடுங்குற வேலை எனக்கு ஆகாது. ஒரு தடவை வச்சா வருஷக்கணக்கா இருக்கணும். வீடியோவுல நிழல் தோட்டம்னு தேடினா எல்லாரும் ஹோஸ்டா, ஹ்யூகெரான்னே சொல்றாங்க. ஹோஸ்டா கிழங்கு ஆன்லைன்லயும் கிடைக்குது, வாங்கலாமா? மாமியார் சாமிக்குத் தினம் பூ கேப்பாங்க. 2 வயசுக் குழந்தை வேற இருக்கான், கையில கிடைச்சதை வாயில வைக்கிற வயசு.

பால்கனி பசுமை:

நிழல்னா கவலையே இல்லைங்க. அக்லோனிமா, டிஃபன்பேக்கியா, பீஸ் லில்லி, காலாடியம், மணி பிளான்ட். அஞ்சும் சும்மா தள்ளிக்கிட்டு வரும். நர்சரியில சின்ன கவர்லயே வாங்குங்க, பெருசு வாங்கி காசைக் கொட்டாதீங்க.

கொடிக்கால்காரி (கும்பகோணம் பக்கம்):

சந்துத்தோட்டம்மா, முதல்ல அந்த ஹோஸ்டா ஆசையை விட்டுடு. அது ஜப்பான், கொரியா பக்கத்துச் செடி. குளிர்காலத்துல நல்ல குளிர்ல கிடந்து தூங்கி எழுந்தாத்தான் அடுத்த வருஷம் துளிர்க்கும். திருச்சியில அதுக்கு எங்க தூக்கம்? ஊட்டியில இருக்கறவங்க வேணா வச்சுப் பாக்கலாம்.

அடுத்தது, பால்கனி பசுமை சொன்ன அஞ்சும் ஒரே குடும்பம், சேம்பு வகை. கடிச்சா வாய், நாக்கெல்லாம் ஊசி குத்தின மாதிரி எரிஞ்சு வீங்கும், அதுல இருக்கிற கால்சியம் ஆக்சலேட் அப்படி. டிஃபன்பேக்கியா ரொம்ப மோசம். பையன் வளர்ற வரைக்கும் இந்த அஞ்சும் வேண்டாம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நீ தை மாசத்துல பாத்துட்டு நாள் பூரா நிழல்ங்கற. இப்ப சூரியன் தெற்கே சாஞ்சு போகுது, வீட்டு நிழல் அப்படியே சந்துல விழுது. ஆனா திருச்சியில ஏப்ரல் 18 வாக்குல சூரியன் நேர் உச்சிக்கு வந்துடும். அதுக்கப்புறம் ஆகஸ்ட் 24 வாக்கு வரைக்கும் உச்சி வெயில் வடக்கேருந்துதான் அடிக்கும். அந்த நாலு மாசமும் மத்தியானம் உன் சந்துல பளிச்சுன்னு வெயில் இருக்கும். வடக்குச் சுவரும் சூடேறி செடி மேலயே அனலை வீசும். வடக்குன்னா நிழல்னு சொல்ற வீடியோ எல்லாம் லண்டன்லயோ கனடாவுலயோ எடுத்தது, அங்க சூரியன் ஒரு நாளும் வடக்கே போய் உச்சியில நிக்காது. நம்ம ஊர்ல அந்த நாலு மாச வெயில்லயும் மத்த மாச நிழல்லயும் தாக்குப் பிடிக்கிற செடியாத்தான் பாக்கணும்.

அதனால சந்தை ஒரே இடமா நினைக்காத. கேட் பக்கம், குழாயடி, மாமரத்தடி, மூணும் மூணு விதம்.

கேட் பக்கம் காலை வெயில் கொஞ்சம் வரும். அங்க அடுக்கு நந்தியாவட்டை ஒண்ணு வை. மல்லியும் ரோஜாவும் இந்த அரை நிழல்ல இலையாவே தள்ளும், இது மட்டும் முகம் சுளிக்காம பூக்கும். உங்க மாமியாருக்கு ஆச்சு. உடைச்சா பால் வரும், அதனால கீழ் கிளையைக் கழிச்சு மரம் மாதிரி ஏத்தி விட்டுடு, பையன் கைக்கு எட்டாது. அது காலடியில கனகாம்பரம். கோடையில உச்சி வெயிலையும் தாங்கும், மழைக்கால நிழலையும் தாங்கும். டெல்லி கனகாம்பரம்னு கேட்டு வாங்கினா பூ பெருசா இருக்கும், ஆனா அது விதை வைக்காது, குச்சி வெட்டித்தான் பெருக்கணும். நாட்டு ரகம்னா காய்ஞ்ச காய் மேல தண்ணி பட்டதும் பட்டுன்னு வெடிச்சு விதை தெறிக்கும், அடுத்த செடி தானா முளைச்சுக்கும். சோம்பேறித் தோட்டத்துக்கு இதுதான் சரி. வாசம் கிடையாதுங்கறதால சில வீட்ல கனகாம்பரத்தைச் சாமிக்கு வைக்க மாட்டாங்க, மாமியாரைக் கேட்டுக்கோ. நூற்புழு வந்தா வேர் முடிச்சு முடிச்சா வீங்கும். செடி சோர்ந்தா பிடுங்கிப் பாரு, முடிச்சு இருந்தா அதே குழியில மறுபடி கனகாம்பரம் வைக்காத.

குழாயடிதான் இருக்கறதுலயே நல்ல இடம். வல்லாரை ஒரு கைப்பிடி பதிச்சா தரையெல்லாம் படர்ந்துடும். ஓரமா ரம்பை, பிரியாணிக்குப் போடுறாங்களே அது, பக்கக்கன்று விட்டுக் குத்தா வளரும். காம்பவுண்டுச் சுவர்ல வெத்தலை. சோப்புத் தண்ணி மட்டும் நேரா வேர்ல போகாம திருப்பி விடு.

வெத்தலை பத்தி நான் சும்மா சொல்லல, எங்க அப்பா கொடிக்கால், அதான் வெத்தலைத் தோட்டம், வச்சிருந்தவர். கொடிக்கால்ல முதல்ல அகத்தியைப் போட்டு நிழல் உண்டாக்கிட்டுத்தான் வெத்தலைக் கொடியைப் பதிப்பாங்க. நிழல் கூடினா அகத்தியைக் கழிப்பாங்க. நிழலை ஏத்தலாம், இறக்கலாம். உன் மாமரமும் அப்படித்தான். காய் முடிஞ்சு ஆடி, ஆவணி வாக்குல உள்பக்கம் நெருங்கிக் கிடக்கிற கிளையை ஆள் வச்சுக் கழிச்சு விடு. அடியிலயும் வெளிச்சம் விழும், மரத்துக்கும் காத்தோட்டம்.

மாமரத்தடியில தோண்டி வேரை வெட்டாத, அடிமரத்தைச் சுத்தி மண்ணையும் குவிக்காத. நீ ஊத்துற தண்ணியை மரமே குடிச்சுடும், அதனால அங்க வறட்சி தாங்குறதுதான் நிக்கும். நம்ம நாட்டு மருள், ஸ்நேக் பிளான்ட் வகைதான் அது, வைக்கலாம். கொஞ்சம் தள்ளி, மரத்து நிழல் ஓரத்துல மஞ்சள் ஒரு வரிசை. தை மாசம் இலை காய்ஞ்சு போயிடுச்சேன்னு பயப்படாத, கிழங்கு உள்ளே இருக்கும், கோடை மழை பெஞ்சதும் குருத்து எட்டிப் பாக்கும். பொங்கலுக்குக் கொத்தோட பிடுங்கிக்கிட்டு ரெண்டு கிழங்கை மண்ணுலயே விட்டுடு, அவ்வளவுதான்.

சந்துத்தோட்டம்:

அம்மா, இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்ல. ரெண்டு சந்தேகம். இப்பவே நடலாமா? அப்புறம், மரத்தடியில வச்சிருந்த ஒரு ஃபெர்ன் தொட்டியில இந்த வாரம் இலையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுது. துளசியும் அங்க வைக்கலாம்னு நினைச்சேன்.

மதுரை மண்வெட்டி:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நிழலும் ஈரமும் சேந்தா ஆப்பிரிக்க நத்தை வருங்க, பெருசு பெருசா. வல்லாரை, ஃபெர்ன் குருத்தை ஒரே ராத்திரியில மொட்டை அடிச்சுடும். ஈரச் சாக்குக்கு அடியில பப்பாளி இலையைப் போட்டு வச்சா விடியறதுக்குள்ள அதுல வந்து ஒண்டும். கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணியில போடுங்க, வெறுங்கையால தொடாதீங்க. செடியைச் சுத்தி உப்புத் தூவச் சொல்வாங்க, அதைக் கேட்டா மண்ணே பாழ். உடைஞ்ச ஓடு, செங்கல் குவியல் இருந்தா முதல்ல அதை அப்புறப்படுத்துங்க, அதுதான் நத்தைக்கு வீடு.

கொடிக்கால்காரி:

மண்வெட்டித் தம்பி சொன்னது சரி.

பிசுபிசுப்பு உன் ஃபெர்ன்லேருந்து வரல, மேலேருந்து வருது. மா பூக்கிற நேரத்துல தத்துப்பூச்சி பூங்கொத்துல சாறை உறிஞ்சிட்டுத் தேன் மாதிரி கீழே சொட்டும். துடைக்காம விட்டா அது மேல கரும்பூசணம் படிஞ்சு இலை கரி பூசின மாதிரி ஆயிடும். பூப்பு முடியற வரைக்கும் தொட்டியை நகர்த்தி வை. நட்ட செடின்னா காலையில குழாய்த் தண்ணியைப் பீச்சி அடி, போதும்.

துளசி வேண்டாம், நிழல்ல நெட்டையா இழுத்துக்கிட்டுப் போய் இலை சிறுத்துடும். வாசல்லயோ மாடியிலயோ வை.

இப்ப நடாத. வேர் பிடிக்கறதுக்குள்ள சித்திரை வெயில் வந்துடும். புரட்டாசிக் கடைசியில நட்டா சூரியன் தெற்கே போயிருக்கும், ஐப்பசி, கார்த்திகை மழையும் பின்னாலயே வரும், அடுத்த கோடைக்குள்ள செடி நல்லா கால் ஊணிக்கும். மஞ்சள் மட்டும் வைகாசியில போடு. அதுவரைக்கும் மாமர இலையைக் கூட்டி எரிக்காம சந்து முழுக்கப் பரப்பி மக்க விடு. சித்திரை, வைகாசி, ஆனியில மாசத்துக்கு ஒரு நாள் உச்சி நேரத்துல போய் வெயில் எதுவரைக்கும் விழுதுன்னு வீட்டுச் சுவர்ல சாக்பீஸால ஒரு கோடு போட்டு வை. போட்டோ எடுத்து இங்க போடு, எந்தச் செடியை எங்க வைக்கறதுன்னு பாத்துச் சொல்றேன். கனகாம்பரக் குச்சி என்கிட்ட இருக்கு, கும்பகோணம் பக்கம் வந்தா வாங்கிக்கோ.