சின் நம்பரை மெயில்ல அனுப்பச் சொன்னா?

டொரான்டோ வந்த முதல் மாசம், வீடு தேடுற அவசரத்துல நான் பண்ண கூத்து இது. ஏஜென்ட் கேட்டாருன்னு பாஸ்போர்ட், ஒர்க் பர்மிட், பேங்க் ஸ்டேட்மென்ட், சின் நம்பர் (வேலைக்கும் வரிக்கும் கனடா அரசு தர்ற அடையாள எண்) எல்லாத்தையும் ஒரே மெயில்ல போட்டுத் தள்ளிட்டேன். அந்த வீடும் கிடைக்கல. ரெண்டு வருஷம் கழிச்சு அவர் பேர்ல ஒரு மெயில்: "உங்க விண்ணப்பத்தைப் புதுப்பிக்கணும், இந்த லிங்க்கைத் திறங்க." கீழே என்னோட பழைய மெயில் அப்படியே தொங்குது. யாரோ அவர் கணக்குக்குள்ள புகுந்துட்டாங்க.

மெயில் போற வழியில திருடு போயிடும்னுதான் பலர் பயப்படுறோம். ஜிமெயில், அவுட்லுக் மாதிரி பெரிய சேவைகளுக்கு நடுவுல அது பெரும்பாலும் டிஎல்எஸ் பூட்டோடதான் போகுது, அதாவது வழியில யாரும் படிக்க முடியாதபடி. போய்ச் சேர்ந்த பிறகுதான் வம்பு. உங்க சென்ட் பெட்டியில ஒரு காப்பி, அவர் இன்பாக்ஸ்ல ஒண்ணு, ஓனருக்கு ஃபார்வர்ட் பண்ணது ஒண்ணு. வருஷக்கணக்கா கிடக்கும்.

அதனால, "இவருக்கு இது எதுக்கு?"ன்னு முதல்ல கேளுங்க. சின் நம்பர் வேலை குடுக்கிறவங்களுக்கு வேணும், சேர்ந்த 3 நாளுக்குள்ள குடுத்துடணும். வட்டி வர்ற கணக்கு திறக்க பேங்குக்கு வேணும். வரி கட்ட வேணும். வீட்டு ஓனர் கேட்கலாம், ஆனா குடுத்தே ஆகணும்னு சட்டம் இல்ல. பேர், பிறந்த தேதி, முகவரி வச்சே கிரெடிட் (கடனை ஒழுங்கா கட்டுறீங்களான்னு) பார்க்க முடியும். நான் இப்போ "சின் தர்றதில்லைங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிடுவேன். ஹெச்.ஆர். கேட்டா நேர்லயோ, கம்பெனி போர்ட்டல்லயோ குடுங்க.

மெயில்தான் வழின்னா, ஃபைலைப் பூட்டி அனுப்புங்க. வேர்டுல ஃபைல், இன்ஃபோ போனா பாஸ்வேர்ட் போடுற இடம் இருக்கு. மேக்ல பிரிவ்யூவே பிடிஎஃப்-க்குப் பூட்டுப் போடும். நாலஞ்சு ஃபைல்னா, 7-ஜிப்ங்கிற மென்பொருள்ல ஒண்ணாக் கட்டிப் பூட்டுங்க. அதுல ஏஇஎஸ்-256ங்கிற பலமான பூட்டு முறையைத் தேர்ந்தெடுங்க, பழைய, பலவீனமான ஜிப்கிரிப்டோ வேண்டாம். சப்ஜெக்ட்ல "என் பாஸ்போர்ட், சின்"னு எழுதி வைக்காதீங்க, ஃபைலைப் பூட்டினாலும் அந்த வரி திறந்துதான் கிடக்கும்.

இங்கதான் நம்மூர்ப் பழக்கம் காலை வாரும். இ-ஆதார் பிடிஎஃப்-க்கு பாஸ்வேர்ட் பேரோட முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும். அதே பாணியில நாமும் ஒண்ணு வைக்கிறோம். உள்ளே இருக்கிற பாஸ்போர்ட் யாருதுன்னு தெரிஞ்சவனுக்கு அது ஒரு நிமிஷ வேலை. சம்பந்தமில்லாத நாலு வார்த்தையைக் கோர்த்து வைங்க. அதைப் போன்ல சொல்லுங்க. அடுத்த மெயில்லயே அனுப்புறது, வீட்டைப் பூட்டிட்டு சாவியைப் பூட்டுலயே விட்டுட்டுப் போற மாதிரி. இன்டராக் இ-டிரான்ஸ்ஃபர்ல (கனடாவுல மெயில் வழியா பணம் அனுப்புற முறை) பணத்தை எடுக்கக் கேட்கிற ரகசியக் கேள்விக்கான பதிலை மெசேஜ் கட்டத்துலயே எழுதுறவங்களும் இருக்காங்க, அதுவும் இதே கதைதான்.

பாஸ்போர்ட் காப்பி மேல குறுக்கால "வாடகை விண்ணப்பத்துக்கு மட்டும்"னு தேதியோட எழுதிடுங்க. ஆதார் கேட்டா, முதல் 8 இலக்கம் மறைச்ச மாஸ்க்டு ஆதார் போதுமான்னு கேளுங்க. ஜிமெயில்ல இருக்கிற கான்ஃபிடென்ஷியல் மோட் (ரகசிய மெயில் வசதி) ஃபார்வர்டைத் தடுக்கும், ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்காது. எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்ல.

வரித்துறை பேர்ல மெயில் வந்து சின் கேட்டா, அது பொய். சிஆர்ஏ, அதாவது கனடா வரித்துறை, மெயில்ல அதெல்லாம் கேட்காது.

அப்புறம், ஒரு தம்பி இன்பாக்ஸ்ல கேட்டிருந்தார்: "அண்ணா, வாட்ஸ்அப்ல அனுப்பிடலாமா?" போற வழியில பூட்டு நல்லாவே இருக்கு தம்பி. ஆனா அந்தப் பக்கம் போன் கேலரியில, குழந்தை பிறந்தநாள் போட்டோவுக்குப் பக்கத்துல உங்க பாஸ்போர்ட் உட்கார்ந்திருக்கும். அனுப்பித்தான் ஆகணும்னா மறையும் மெசேஜை ஆன் பண்ணிட்டு அனுப்புங்க, வேலை முடிஞ்சதும் அழிக்கச் சொல்லி ஒரு போன் போடுங்க.