ஆங்கில வினாவில் ‘வேர்’ (எங்கே) என்ற சொல் முதலில் வருமா, நடுவில் வருமா?

அறுகம்பைவாசி:

அனைவருக்கும் வணக்கம். நான் அறுகம்பையில் உள்ள ஒரு விருந்தினர் விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். சீசன் தொடங்குமுன், புதிதாகச் சேர்ந்துள்ள தம்பிமாருக்காக, விருந்தினரிடம் வழமையாகக் கேட்க வேண்டிய ஆங்கில வினாக்களை ஒரு தாளில் எழுதி வருகிறேன். அதில் இரண்டு சந்தேகங்கள்.

‘அவர் எங்கே போனார் என்று தெரியுமா?’ என்பதற்கு ‘டூ யூ நோ வேர் ஹீ வென்ட்?’ என்று எழுதியிருக்கிறேன். ‘அவர் எங்கே போனார் என்று நினைக்கிறீர்கள்?’ என்பதற்கும் அதே அச்சில் ‘டூ யூ திங்க் வேர் ஹீ வென்ட்?’ என்று எழுதலாம் என்கிறார் உடன் வேலை செய்யும் அண்ணன் ஒருவர். ஆனால் விருந்தினர் வாயில் ‘வேர் டூ யூ திங்க் ஹீ வென்ட்?’ என்றுதான் வருகிறது. அறிவதும் நினைப்பதும் அருகருகே நிற்கும் வினைகள்தானே. ஒன்றுக்கு ‘வேர்’ நடுவிலும் மற்றதற்கு முதலிலும் வருவது ஏன்?

அடுத்தது, ‘ஸே’, ‘டெல்’ ஆகியவற்றுக்கும் ‘ஹியர்’, ‘லிஸின்’ ஆகியவற்றுக்கும் உள்ள வேறுபாடு. பொருளை மட்டும் பிரித்து அறிந்தால் போதுமா, அல்லது வினை மாறும்போது வினாவின் அமைப்பும் மாறுமா?

கல்லடி ஆசிரியர் (ஓய்வு):

தம்பி, முதற் கேள்விக்கு விடை உங்கள் தமிழ் வாக்கியங்களிலேயே இருக்கிறது. முதலாவதில் ‘தெரியுமா’ என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதில் ‘நினைக்கிறீர்கள்’ என்று ‘ஆ’ இல்லாமல் முடித்திருக்கிறீர்கள். அந்த ‘ஆ’வைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதன்மை வினையில் ‘ஆ’ ஏறியிருந்தால், நீங்கள் கேட்பது ‘ஓம்’ அல்லது ‘இல்லை’ என்ற விடையை. ‘எங்கே’ என்பது உள்ளே கிடக்கும் செய்தி மட்டுமே. ஆகவே ஆங்கிலம் ‘டூ யூ நோ’ என்று தொடங்கி, ‘வேர்’ என்பதை நடுவிலேயே விட்டுவிடும். ‘ஆ’ ஏறவில்லையென்றால், உண்மையில் கேட்கப்படுவது அந்த ‘எங்கே’தான். ‘அவர் எங்கே போனார் என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேட்பவரிடம் ‘ஓம்’ என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். தமிழில் ‘எங்கே’ இருந்த இடத்தில் இருந்தபடியே வாக்கியம் முழுவதையும் வினாவாக்கிவிடும். ஆங்கிலத்தில் அது எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் முன்னே வந்து நிற்க வேண்டும். ‘வேர் டூ யூ திங்க் ஹீ வென்ட்?’ என்பது அப்படி வந்ததே.

‘ஸே’ என்ற வினை இரண்டு வழியிலும் போகும் என்பதால் இந்தச் சோதனை அங்கேதான் அதிகம் பயன்படும். ‘எங்கே போவதென்று சொன்னாரா?’ என்றால் ‘டிட் ஹீ ஸே வேர் ஹீ வோஸ் கோயிங்?’, ‘எங்கே போவதாகச் சொன்னார்?’ என்றால் ‘வேர் டிட் ஹீ ஸே ஹீ வோஸ் கோயிங்?’.

இரண்டு வகையிலும் உள்வாக்கியத்தில் எழுவாய் முன்னும் வினை பின்னுமாகவே நிற்கும். ‘டூ’வோ ‘டிட்’டோ வந்து முதன்மை வாக்கியத்தின் தலையைப் புரட்டியபின், உள்ளே இன்னொரு புரட்டல் தேவையில்லை. ஆகவே ‘டூ யூ நோ வேர் த பஸ் ஸ்டாண்ட் இஸ்?’ என்று எழுதுங்கள். ‘வேர் இஸ் த பஸ் ஸ்டாண்ட்’ என்பது தனித்து நிற்கும்போது மட்டும் சரி.

சம்மாந்துறை வாசகி:

சகோதரரின் இரண்டாவது கேள்விக்கு என் விடை: வினை மாறினால் வினாவின் அமைப்பும் கட்டாயம் மாறும். பாடசாலைகளில் இவற்றைப் ‘பொருள் வேறுபாடு’ என்று ஒரு நாளும் ‘வினா வாக்கியம்’ என்று வேறொரு நாளும் கற்பிப்பதால்தான் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை என்பது என் கருத்து.

‘டெல்’ தனக்குப் பின்னால் கேட்பவரை நேரடியாக ஏற்கும். ‘ஸே’, ‘டோக்’, ‘எக்ஸ்ப்ளெயின்’ ஆகியவை ‘டு’ என்ற சொல்லின் துணையோடுதான் ஏற்கும். ‘யாருக்குச் சொன்னீர்கள்?’ என்பது ‘ஹூ டிட் யூ டெல்?’ என்று முடிந்துவிடும், ‘யாரோடு கதைத்தீர்கள்?’ என்பதோ ‘ஹூ டிட் யூ டோக் டு?’ என்று அந்த ‘டு’வைக் கடைசியில் தொங்கவிடும். நமக்கு வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொண்டே வருவதால், ‘யாரோடு’ என்பதில் ‘யார்’ மட்டும் முன்னே ஓடி ‘ஓடு’ பின்னால் தங்கும் என்று நாம் எதிர்பார்ப்பதில்லை. எனவே அந்தக் கடைசிச் சொல்லை விட்டுவிடுகிறோம். ‘வொட் ஆர் யூ வொட்சிங்?’ என்பதற்கு எதுவும் வேண்டாம். ‘வொட் ஆர் யூ லுக்கிங் அட்?’ என்பதற்கு ‘அட்’ வேண்டும். ‘வொட் ஆர் யூ லிஸினிங் டு?’ என்பதற்கு ‘டு’ வேண்டும்.

எழுவாயைப் பற்றிக் கேட்கும்போது ‘டிட்’ வராது என்பதையும் தாளில் சேருங்கள். ‘ஹூ டோல்ட் யூ?’ என்றால் உங்களுக்குச் சொன்னவர் யார் என்பது. ‘ஹூ டிட் யூ டெல்?’ என்றால் நீங்கள் சொன்னது யாருக்கு என்பது. ‘யார்’, ‘யாருக்கு’ என்று நாம் உருபால் காட்டுவதை அவர்கள் சொல்லொழுங்காலேயே காட்டுகிறார்கள்.

அறுகம்பைவாசி:

சேருக்கும் சகோதரிக்கும் மிக்க நன்றி. ‘ஹியர்’, ‘லிஸின்’ பற்றி இன்னொன்று. தொலைபேசி இணைப்புத் தெளிவில்லாதபோது ‘ஆர் யூ ஹியரிங் மீ?’ என்று கேட்பது பிழையா?

கல்லடி ஆசிரியர் (ஓய்வு):

விருந்தினருக்கு விளங்கும், ஆனால் ‘கேன் யூ ஹியர் மீ?’ என்பதே இயல்பானது. தமிழில் ஒரே ‘கேள்’ என்று நினைக்கிறோம். ஆயினும் ‘உங்களுக்குக் கேட்கிறதா?’ என்பதும் ‘நீங்கள் கேட்கிறீர்களா?’ என்பதும் நமக்கும் ஒன்றல்லவே. ‘உங்களுக்கு’ என்று வந்தால், காதில் தானாக விழுவது. அதற்குக் ‘கேன் யூ ஹியர்’. ‘நீங்கள்’ என்று வந்தால், மனம் வைத்துக் கேட்பது. அதற்கு ‘ஆர் யூ லிஸினிங்’. கண்ணுக்கும் அப்படியே: ‘உங்களுக்குத் தெரிகிறதா?’ என்பது ‘கேன் யூ ஸீ’, ‘நீங்கள் பார்க்கிறீர்களா?’ என்பது ‘ஆர் யூ லுக்கிங்’ அல்லது ‘ஆர் யூ வொட்சிங்’. கடலில் அலைச்சறுக்குவோரைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பவரிடம் ‘வொட்ச்’ என்றே கேளுங்கள். அசையும் ஒன்றைப் பின்தொடர்ந்து பார்ப்பதற்கு அதுவே உரிய வினை.

வந்தாறுமூலை மாணவன்:

சேர், ஒரு சிறிய மறுப்பு. உள்வாக்கியத்தில் புரட்டல் கூடாது என்பது எழுத்து மரபுக்குப் பொருந்தும்; பேச்சில் அது எல்லா இடத்திலும் பொருந்தாது. ‘ஐ ஆஸ்க்ட் ஹிம் வேர் வோஸ் ஹீ கோயிங்’ என்ற அமைப்பு அயர்லாந்து ஆங்கிலத்தில் சாதாரணமாக வழங்குகிறது. இந்திய ஆங்கிலத்திலும் கேட்கலாம். இந்த ‘டூ’ கூட ஆங்கிலத்தில் ஆதியிலிருந்து கட்டாயமாக இருந்ததல்ல. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் ‘ஹூம் ஸே யீ தட் ஐ ஆம்?’ என்று ‘ஸே’ என்ற வினையே நேராக எழுவாய்க்கு முன்னால் வந்து நிற்கிறது.

கல்லடி ஆசிரியர் (ஓய்வு):

மறுப்பை ஏற்கிறேன், தம்பி. நீங்கள் எடுத்துக்காட்டிய விவிலிய வரியிலும் வினாச்சொல் உள்வாக்கியத்திலிருந்து முன்னே வந்திருப்பதைக் கவனியுங்கள். ‘டூ’ பின்னர் நிலைபெற்றது, அந்த நகர்வு முன்பே இருந்தது. அயர்லாந்து விருந்தினர் அவ்வாறு பேசினால் திருத்த வேண்டியதில்லை, ஆனால் தாளில் எழுதுவதற்குப் பொது மரபே பாதுகாப்பானது.

அறுகம்பைவாசி:

தாளின் கடைசி வரியை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், சேர். ‘நாளை எத்தனை மணிக்குப் புறப்படுவீர்கள் என்று நினைக்கிறீர்கள்?’ என்பதற்கு, ‘வொட் டைம் டூ யூ திங்க் வில் யூ லீவ் டுமோரோ?’.

கல்லடி ஆசிரியர் (ஓய்வு):

‘வொட் டைம்’ முன்னே வந்தது சரி. ‘வில் யூ’ என்பதை ‘யூ வில்’ என்று மாற்றுங்கள்.